சுற்றாடல் சட்டமும் அதை நடத்துவோரின் பயிற்சியும்



தேசிய சுற்றாடல் சட்டம் கொண்டுவரப்பட்ட ஆண்டு எது என்று கேட்டால் 1980 என்று உடனே எழுதிவிடுவீர்கள். "அச்சட்டம் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகின்றது? விளக்குக" என்று வினா வந்தால் உங்களிற் பலர் இரண்டு வரியுடன் நிறுத்திவிடுகின்றீர்கள். புள்ளிகள் குறைவது இங்கேதான். சட்டம் தானாக நடப்பதில்லை. பயிற்சி பெற்றவர்களே அதை நடத்துகின்றனர். இதனைத் தீவகத்தை வைத்தே விளங்கிக்கொள்வோம்.

1. தீவகத்துக்கு இச்சட்டம் ஏன் முக்கியம்?

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஆறு இல்லை. மழைநீர் நிலத்தினுள் இறங்கி, பாரம் கூடிய உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்த நன்னீரையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மணலை அகழ்ந்தால் மழைநீரைப் பிடித்துவைக்கும் இடம் குறையும். சுண்ணக்கல்லில் வெடிப்புகள் உள்ளதால், மேலே ஊற்றப்படும் கழிவெண்ணெய் விரைவாகக் கிணற்றைச் சேரும். ஒரு முறை கெட்ட கிணறு திருந்தப் பல ஆண்டுகள் செல்லும்.

2. நினைவில் வைத்திருக்க வேண்டிய சட்டங்கள்

• தாவர விலங்கின பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் – 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கம். நெடுந்தீவில் 2015 இல் தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டமை இதன்கீழாகும்.
• தேசிய சுற்றாடல் சட்டம் – 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கம். இதன்கீழ் 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.
• கரையோரம் பேணற் சட்டம் – 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கம்.
• சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் – 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கம். மணல் அகழ அனுமதிப்பத்திரம் பெறுவது இதன்கீழாகும்.

3. சட்டத்தை நடத்துவோரும் அவர்களது பயிற்சியும்

(அ) சுற்றாடல் உத்தியோகத்தர்: பிரதேச செயலகங்களில் கடமையாற்றுபவர். முறைப்பாடு வந்தால் இடத்தைப் பார்வையிட்டு, மாதிரி எடுத்து, அறிக்கை எழுதுவார். இதற்கு நுட்பம் தேவை. எண்ணெய் கலந்த நீரைக் கண்ணாடிப் போத்தலிலேயே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தலின் உட்பக்கத்தில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். எடுத்த இடம், திகதி, நேரம், எடுத்தவர், ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தவர் ஆகிய விபரங்கள் பதியப்பட வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "இது அந்தக் கிணற்று நீர்தானா?" என்று கேட்பார். உண்மையான மாசும் அப்போது நிரூபிக்கப்படாமற் போகலாம்.

(ஆ) சட்டத்தரணி: சட்டக் கல்லூரியிற் கற்று, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் 6 மாதம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்தவர். சுற்றாடல் வழக்கில் ஆய்வுகூட அறிக்கையை வாசித்து விளங்கவும் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

(இ) நீதிபதி: நீதிபதிகளுக்கும் இத்துறையிற் பயிற்சி அளிக்கப்படுகின்றது. தெற்காசிய நீதிபதிகளுக்காக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 1997 இல் கொழும்பில் ஒரு கருத்தரங்கை நடத்தியது. அதே ஆண்டில் சர்வதேச நீதிமன்ற நீதிபதியாயிருந்த இலங்கையர் சீ. ஜீ. வீரமந்திரி, தன்யூப் நதி அணைக்கட்டு வழக்கில் எழுதிய தனித் தீர்ப்பில் எமது நாட்டின் பழைய குளங்களை நிலைபேறான அபிவிருத்திக்கு உதாரணமாகக் காட்டினார்.

4. உதாரணம்: சுன்னாகம் வழக்கு

தீவகத்துக்கு அண்மையில், யாழ். குடாநாட்டின் சுன்னாகத்தில், அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. கிணற்று நீரின் ஆய்வு அறிக்கைகள் அதில் முக்கிய சான்றுகளாயின. 2019 ஏப்பிரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. மின் உற்பத்தி செய்த நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்னும் கோட்பாட்டுக்கு இவ்வழக்கைச் சிறந்த உதாரணமாக எழுதலாம்.

5. உங்களுக்கான வழி

சாதாரண தரத்தின் பின் கலைப்பிரிவிற் சென்று சட்டம் படிக்கலாம். விஞ்ஞானப் பிரிவிற் சென்று சுற்றாடல் விஞ்ஞானம் கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை உண்டு. ஊர்காவற்றுறையில் நீதவான் நீதிமன்றம் இருக்கின்றது. வேலணையிலும் நெடுந்தீவிலும் பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்று அறிந்த தீவகப் பிள்ளை ஒருவர் அங்கு கடமைக்கு வந்தால், அது ஊருக்குப் பெரும் பயனாகும்.

நினைவிற் கொள்க: சட்டம் + பயிற்சி பெற்ற ஆளணி + முறையான சான்று = சுற்றாடற் பாதுகாப்பு.

பயிற்சி வினாக்கள்

1. மத்திய சுற்றாடல் அதிகாரசபை எந்த ஆண்டில் உருவானது?
2. தீவகக் கிணறுகள் உவராவதற்கான இரு காரணங்கள் தருக.
3. நீர் மாதிரி எடுக்கும்போது பதியப்பட வேண்டிய மூன்று விபரங்களைக் குறிப்பிடுக.
4. "பயிற்சி பெற்றவர்கள் இல்லாத இடத்திற் சட்டம் வெறும் எழுத்தே." சுன்னாகம் வழக்கைத் துணையாகக் கொண்டு விளக்குக.