பாதை பிழைத்த கதை

உட்காருங்கள், டீ வரட்டும். ஓடாமல் நின்றுபோன ரயில் பாதை எப்படி நடைபாதை ஆகிறது என்று கேட்டீர்களே, அதை அமெரிக்காவில் சிகாகோவுக்கு மேற்கே நடந்ததை வைத்துச் சொன்னால் தெளிவாகப் புரியும்.

1902-இல் அங்கே ஒரு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அதற்குச் சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் என்று பெயர். பெரும்பாலான தூரத்துக்குத் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்தை ஒட்டிப் போட்ட மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் பாயும். வீட்டன் என்ற ஊரில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று அரோராவுக்கும் மற்றொன்று எல்ஜினுக்கும் போகும். ஏறிய வண்டியிலேயே சிகாகோவின் மையம் வரை போகலாம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் அதை நம்பியிருந்தார்கள்.

அந்த வசதி 1953-இல் பறிபோனது. நகரத்துக்குள் விரைவுச் சாலை போட இடம் தேவைப்பட்டதால், ரயில் ஃபாரஸ்ட் பார்க்கோடு நின்றது. அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். பயணிகள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1957 ஜூலை 3 அன்று நீதிமன்ற அனுமதி கிடைத்ததும் நண்பகலிலேயே சேவையை நிறுத்திவிட்டார்கள். காலையில் அதே ரயிலில் வேலைக்குப் போனவர்களுக்கு மாலையில் வீடு திரும்ப வண்டி இல்லை. 1959-இல் சரக்கு வண்டியும் நின்றது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பாலம் கட்டி வைத்திருப்பார்கள். குழந்தையின் சைக்கிளும் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் போகிற சரிவு அது. அந்தச் செலவை ரயில் கம்பெனி முன்பே செய்துவிட்டது. ஆனால் நீண்ட, குறுகலான நிலம் என்பதால், ஓரிடத்தில் வாகன நிறுத்தம், இன்னோரிடத்தில் கட்டடம் என்று வந்துவிட்டால் அறுந்த மாலையாகிவிடும்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் மே தீல்கார்ட் வாட்ஸ். மார்ட்டன் மரப்பூங்காவில் இயற்கையைப் பற்றிக் கற்பித்தவர். பிரிட்டனில் மக்கள் உரிமையோடு நடக்கும் ஒற்றையடிப் பாதைகளைப் பார்த்திருந்தார். 1963 செப்டம்பரில், இந்த நிலத்தை நடப்பதற்கு விடுங்கள் என்று சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தன்னார்வலர்கள் திரண்டார்கள். டுபேஜ் மாவட்ட நிர்வாகம் தன் எல்லைக்குள் இருந்த நிலத்தை வாங்கி, பாதை அமைக்க அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. ரயில் பாதையின் ஓரங்களில் தப்பிப் பிழைத்திருந்த புல்வெளிச் செடிகளை நினைவூட்டும்படி 'இல்லினாய் ப்ரெய்ரி பாத்' என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் கிளைகளெல்லாம் சேர்ந்து சுமார் 98 கிலோமீட்டர்.

ஓய்ந்த ரயில் பாதையை நடைபாதையாக வைத்துக்கொண்டே, பிற்காலத்தில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1983-இல்தான் வந்தது. வாட்ஸ் எழுதியபோது அப்படி எந்தத் துணையும் இல்லை.

தண்டவாளத்தை மறுபடி போட்டுவிடலாம். துண்டு துண்டாக விற்ற நிலத்தை மறுபடி ஒன்றாக்குவது எளிதல்ல. உங்கள் ஊர்ப் பக்கம் ரயில் ஓடாத பாதை ஏதாவது கிடந்தால், அது இன்று யார் கையில் இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள்.