கயூமர்ஸின் அவை

சுல்தான் முகம்மது வரைந்தது. தப்ரீஸ், ஏறத்தாழ 1522–25. ஷா தஹ்மாஸ்ப்பின் ஷாநாமா ஏடு.

சட்டத்தை ஒட்டி நின்று பாறைகளைப் பாருங்கள். ஊதாவும் பச்சையுமாகச் சுருண்டேறும் மடிப்புகளுக்குள் மனித முகங்களும் விலங்கு முகங்களும் ஒளிந்திருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் புதிதாக ஒன்று தென்படும். மலையே கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்து வெற்றிடத்துக்குள் வழிந்திருக்கிறது.

உச்சியில் சிறுத்தைத்தோல் உடுத்தி அமர்ந்திருப்பவர் கயூமர்ஸ். ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியத்தில் உலகின் முதல் அரசர். ஒருபுறம் மகன் சியாமக். கருந்தேவ் என்னும் அரக்கனிடம் அவன் மாளப்போகிறான்; அரசரின் முகத்துச் சோகத்தைக் கவனியுங்கள். மறுபுறம் பேரன் ஹூஷங், பழிதீர்க்கப் போகிறவன்.

ஓவியத்தில் கையொப்பம் கிடையாது. 1544-இல் தோஸ்த் முகம்மது ஓர் ஓவியத் தொகுப்பேட்டுக்கு எழுதிய முன்னுரைதான் துப்புத் தந்தது: சிறுத்தைத்தோல் அணிந்த மனிதர்களைச் சுல்தான் முகம்மது தீட்டியதைக் கண்டு பிற ஓவியர்கள் வெட்கித் தலைகுனிந்தார்களாம். அது இந்தப் படம்தான் என்று 20-ஆம் நூற்றாண்டில் அடையாளம் கண்டவர் கலை வரலாற்றாளர் ஸ்டூவர்ட் கேரி வெல்ச்.

258 ஓவியங்கள் கொண்ட அந்த ஷாநாமா நூல் 1568-இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்குப் பரிசாகப் போனது. 1959-இல் அதை வாங்கிய அமெரிக்கர் ஆர்தர் ஹௌட்டன் ஏடு ஏடாகப் பிரித்துப் பலரிடம் சிதறவிட்டார். நான்கு நூற்றாண்டுகள் சேர்ந்திருந்த நூலுக்கு நேர்ந்த பெருங்கொடுமை அது. எஞ்சிய 118 ஓவியங்கள் 1994-இல் வியன்னா விமான நிலையத்தில் வில்லெம் டி கூனிங்கின் ஓர் ஓவியத்துக்கு மாற்றாகக் கைமாறி ஈரான் திரும்பின. இந்த ஏடு டொரண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்தது.