சிறுதொழில் முயல்வோருக்கு அனுபவசாலிகளின் துணை

மடுல்சீமை போன்ற தோட்டப் பகுதிகளில் பசு வளர்த்தும், மரக்கறி பயிரிட்டும், தயிர் விற்றும் வருவாய் தேடுவோர் உளர். உழைப்பில் இவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர். எனினும், நகையை அடகு வைத்துத் தொடங்கிய தொழில் சில மாதங்களில் நின்றுவிடுவதுண்டு. செலவை முழுமையாகக் கணக்கிடாமையே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் லீற்றர் 200 ரூபா வீதம் 10 லீற்றர் பால் வாங்கித் தயிராக்கி, சட்டி 320 ரூபா வீதம் 10 சட்டிகளை விற்பதாகக் கொள்வோம். பாலுக்கு 2,000 ரூபா. வரவு 3,200 ரூபா. இலாபம் 1,200 ரூபா எனத் தோன்றும். ஆனால், சட்டிகளுக்கு 800 ரூபாவும், விறகிற்கு 200 ரூபாவும், பதுளைக்குச் சென்றுவர 300 ரூபாவும் செலவாயின், மொத்தச் செலவு 3,300 ரூபா. தம் கூலியைச் சேர்க்காமலே 100 ரூபா நட்டம். கடன் பெருகிய பின்னரே இது பலருக்குப் புலப்படுகின்றது.

வியாபாரம் அறிந்த ஒருவர் இதனை ஒரு மணி நேரத்திற் கண்டு சொல்லிவிடுவார். சட்டிகளைத் திரும்பப் பெறுதல், அண்மையிலுள்ள கடைகளுக்கே விற்றல் போன்ற வழிகளையும் காட்டுவார்.

இத்துணையை ஓர் ஒழுங்காக அமைத்த நாடுகள் உள. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு இலட்சுமி வெங்கடேசன் அவர்கள் பாரதீய யுவ சக்தி அறக்கட்டளையை நிறுவினார். பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டு தோன்றிய இளவரசர் அறக்கட்டளையே அதற்கு முன்மாதிரி. பிணை வைக்க இயலாத இளைஞர் கடன் பெற உதவுவதோடு, ஊதியம் பெறாத வழிகாட்டி ஒருவரையும் அது அவர்களுக்கு அமர்த்துகின்றது. பணம் மட்டும் போதாது என்பதே இதன் கருத்து.

ஓய்வுபெற்ற தோட்ட இலிகிதர், கடை நடத்துவோர், கூட்டுறவுச் சங்கத்திற் பணியாற்றியோர் ஆகியோர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மாதம் ஒரு முறை, குறித்த நாளில் சந்தித்தல் வேண்டும்.

2. வரவு செலவை, தொழில் செய்பவரே தம் கையால் எழுதப் பழக்குதல் வேண்டும்.

3. வீட்டுச் செலவையும் தொழிற் செலவையும் வேறாக வைக்கச் செய்தல் வேண்டும்.

4. வழிகாட்டுபவர் அவருக்குக் கடன் கொடுத்தலும், அவர் பொருளைத் தாமே வாங்கி விற்றலும் ஆகா.

5. முடிவு செய்யும் உரிமை தொழில் செய்பவருக்கே உரியது.

கணக்கறிந்தவர் மனமுவந்து அளிக்கும் ஒரு மணி நேரம், ஒரு குடும்பத்தின் அடகு நகை மீள வழி செய்யும்.