பூனை இருக்கு... எலி எங்கே?

செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். எங்க கிளாஸ் மொத்தமும் போன ஒருநாள் டூர் அது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறைனு சுத்தி முடிக்கிறதுக்குள்ள, எல்லார் கையிலயும் சேர்த்து ஆயிரம் போட்டோ! ஒவ்வொண்ணும் 4000-க்கு 3000 பிக்ஸல், சுமார் 5 எம்.பி. கூட்டிப் பார்த்தா 5 ஜி.பி!

எல்லாருக்கும் அனுப்பணும்னா சின்னதாக்கணும். ஒவ்வொண்ணா திறந்து செஞ்சா, படத்துக்கு 30 செகண்டுனு வெச்சாலும் எட்டு மணி நேரம் தாண்டிடும். ‘மொத்தமா ஒரே அமுக்குல முடிச்சுடலாம் மச்சி’னு நான் களத்துல குதிச்சேன். பத்தே நிமிஷம்... வேலை முடிஞ்சுது. மறுநாள் வரைக்கும் நான்தான் ஹீரோ!

ஆண்டு மலருக்கு அர்ஜுனன் தபசு பத்தி எழுதின தோழி, ‘‘அந்தத் தவம் செய்யற பூனையை மட்டும் பெருசாக்கிக் குடுடா’’னு கேட்டா. பெருசாக்கினா, பூனை புகைமூட்டம். அது காலடியில இருக்கற எலிகள் வெறும் புள்ளி. ஒரிஜினல்? அதே ஃபோல்டர்ல, அதே பேர்ல, சின்னப் படங்கள் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. மெமரி கார்டுகளையும் துடைச்சாச்சு!

1600-க்கு 1200-னு குறைச்சா, மிஞ்சறது ஆறுல ஒரு பங்கு பிக்ஸல்தான். மீதி ஒளிஞ்சிருக்காது பாஸ், போயே போச்சு!

அதனால இப்படிச் செய்யுங்க. முதல்ல ஒரிஜினல் ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுங்க. இர்ஃபான் ஸ்கில்யான் 1996-ல வெளியிட்ட ‘இர்ஃபான்வியூ’ சாஃப்ட்வேர், படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் இலவசம். அதுல ஃபைல் மெனு, ‘பேட்ச் கன்வர்ஷன்’ போங்க. படங்களைச் சேர்த்து, ‘அட்வான்ஸ்டு’ல நீளமான பக்கத்தை மட்டும் 1600-னு குடுங்க. படுத்த படம், நின்ன படம் ரெண்டுமே நசுங்காது. ஏற்கெனவே சின்னதா இருக்கறதைப் பெருசாக்காதேங்கற கட்டத்துல டிக் அடிங்க. ஜேபெக் தரம் 85 போதும்.

‘ஸ்டார்ட்’ அமுக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு செக். சேமிக்கிற இடம் புது ஃபோல்டரா? ‘ஓவர்ரைட்’ கட்டம் காலியா? அஞ்சே அஞ்சு படத்தை வெச்சு ஒத்திகையும் பார்த்துடுங்க. லினக்ஸ் பார்ட்டிகளே... இமேஜ்மேஜிக்கோட ‘மோக்ரிஃபை’, தனி ஃபோல்டர் சொல்லலைனா ஒரிஜினல் மேலேயே எழுதிடும். உஷார்!

அடுத்த ஞாயிறு திரும்பவும் மாமல்லபுரம் போனேன், தனியா. பூனையும் எலிகளும் ஏழாம் நூற்றாண்டுல இருந்து அதே இடத்துலதான் இருக்கு, எடுத்துட்டேன். ஆனா, அன்னிக்கு அந்தப் பாறை முன்னாடி ஒண்ணா நின்ன எங்க 40 பேரை..?