‘ஹைப்ரிடஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

சொற்களும் மாந்தரைப் போலவே பிறப்பும் வளர்ச்சியும் உடையன. அவற்றுட் சில, பிறருடைய பிறப்பை அளக்கும் கோலாகவே வழங்கி வந்துள்ளன. ஆங்கிலத்தில் இக்காலத்து மிக அருகி வழங்கும் ‘ஹைப்ரிடஸ்’ என்னும் பண்புச்சொல் அத்தகையது. இருவேறு இனங்களின் கலப்பாற் பிறந்த என்பது அதன் பொருள். ஜான்ஸன் பண்டிதர் 1755-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியில் அஃது இடம் பெற்றுள்ளது. அதன் உறவாகிய ‘ஹைப்ரிட்’ என்பதோ விதைக்கடை முதல் மோட்டார் வண்டி வரை எங்கும் பயில்கின்றது. இச்சொல் வந்த வழியை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதன் தாய் இலத்தீன் மொழியில் வழங்கிய ‘ஹிப்ரிடா’ என்பதாம். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியை உரோமர் அவ்வாறு அழைத்தனர். அப்பெயர் மாந்தர்க்கும் ஏறியதென்று பிளினி என்பார் தம் இயற்கை நூலில் எழுதியுள்ளார். கி.மு. 63-இல் சிசரோவுடன் கான்சல் பதவி வகித்த அந்தோனியுஸ் என்பானுக்கு இதுவே பட்டப்பெயராயிற்று. செருக்கு எனப் பொருள்படும் ‘ஹுப்ரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே இதற்கு மூலமென்று பிற்காலத்தார் மயங்கினர். அம்மயக்கத்தாற் சொல்லின் எழுத்தும் மாறியது. கலந்து பிறத்தலே ஒரு வரம்பு கடந்த செயல் என்னும் எண்ணம் அம்மயக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

இச்சொல்லின் கொடுமையை உரோம சரித்திரமே காட்டும். கி.மு. 90-இல் திரிபூன் பதவியில் இருந்த வாரியுஸ் என்பானது குடியுரிமை ஐயத்திற்கு இடமாயிருந்தமையின், அவனை ‘ஹிப்ரிடா’ என்றனர். அக்காலத்தே இத்தாலிய நேச நாட்டார் உரோமக் குடியுரிமை வேண்டிப் போர் தொடுத்திருந்தனர். அவர்களைத் தூண்டினாரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியவன் இவ்வாரியுஸே! பின்னர் அச்சட்டத்தாலேயே அவனும் தண்டிக்கப்பட்டான். பிறப்பால் இகழப்பட்டவன் பிறரை இகழ்ந்து தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

ஆங்கிலத்தில் இச்சொல்லை ஆண்டாருள் ஜான் ரே என்னும் இயற்கை நூலார் ஒருவர். இருவேறு உயிர்கள் கூடிப் பெற்ற உயிர், தான் மீண்டும் ஈனாமை யாது காரணம் என்று அவர் வியந்தார். அதற்கு விடை பிற்கால விஞ்ஞானத்தாற் கிடைத்தது. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. இவை ஒழுங்காக இணைசேர மாட்டாமையின், கோவேறு கழுதை பெரும்பாலும் மலடாகின்றது. மாந்தர்க்கோ எந்நாட்டாராயினும் அவ்வெண்ணிக்கை 46 என்பதே பொதுவிதி. அவர் அனைவரும் ஓரினமே. ஆதலின் விலங்கின் கலப்பைக் குறித்த சொல்லை மனிதன்மேல் ஏற்றுதல், இழிவு மாத்திரமன்று, பிழையுமாம்.

இனி, கலப்பினாற் குன்றுவதே உண்டு என்பதும் பொய். நம் கோயம்புத்தூரில் 1912-இல் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர் துரையும் வெங்கட்டராமனும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைத் தாயாகவும், இனிப்பில்லாத காட்டு நாணற்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு ‘கோ 205’ என்னும் வகையைத் தோற்றுவித்தனர். தாயின் இனிமையும் தந்தையின் உரமும் அதன்கண் அமைந்தன. வடநாட்டுக் குளிரைத் தாங்கும் கரும்பு வகைகளுக்கு அது வழிகாட்டியாயிற்று. வீட்டினமும் காட்டினமும் கூடிய கூட்டத்தை உரோமர் நகைத்தனர். உழவரோ அதனால் உய்ந்தனர்.

தூய குலம் என்பதும் ஆராயுங்கால் நிலைபெறுவதன்று. அயல்நாட்டிற் பிறந்த மூன்றாம் வில்லியம் அரசனை இகழ்ந்த ஆங்கிலேயரை நோக்கி, அவர்தம் முன்னோரும் பல நாட்டினின்று வந்து கலந்தோரே என்று 1701-இல் டீபோ என்பார் பாட்டெழுதி நகைத்தார். 2010-இல் விஞ்ஞானிகள், ஆப்பிரிக்காவுக்குப் புறத்தே தோன்றிய மக்களின் மரபணுத் தொகுதியில் நூற்றுக்கு 1 முதல் 4 பங்கு வரை நியாண்டர்தால் என்னும் பழைய மனித வகையினின்று வந்ததென வெளியிட்டனர். பின்னர் கலப்பற்றவர் யாவர்?

வேதாகமம் பயிலும் நமக்கு இது புதிதன்று. மோவாபியப் பெண்ணாகிய ரூத் தாவீது ராஜாவின் வமிசத்திற்கு மூதாட்டியாயினாள். கிரேக்கத் தகப்பனுக்கும் யூதத் தாய்க்கும் பிறந்த தீமோத்தேயு பவுலுக்கு உடன் ஊழியனாயினான்.

பல ஊரும் பல குலமும் ஓரிடத்துக் கூடும் கல்லூரியில், விளையாட்டாகவேனும் ஒருவன் பிறப்பைச் சுட்டும் பட்டப்பெயர் எழுதல் கூடும். அது நாவில் எழும்போது, அச்சொல் எந்தத் தொழுவத்திலிருந்து வந்ததென்று நினைப்போமாக. கரும்பிற்கு ஆகும் சொல் கரும்போடு நிற்க. மனிதனுக்கு அவன் பெயரே அமையும்.