கண்ணாடியைக் கழற்றும் லேசர் யாருக்கு?

"லேசர் அடிச்சா கண்ணாடிய ஒரேயடியாக் கழட்டிரலாந்தானே?" குறும்பார்வை உள்ள நம்மவர் பலரும் கேட்பது இது. கழற்றலாம். ஆனால் எல்லாக் கண்ணுக்கும், எல்லா வயதிலும் அது பொருந்தாது.

லேசிக் முறையில், கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான கோர்னியாவில் மெல்லிய மடலொன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மடலை மீண்டும் மூடிவிடுவார்கள். கோர்னியாவின் மொத்தத் தடிப்பே ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். பவர் கூடக்கூடச் செதுக்க வேண்டியதும் கூடும். செதுக்கியது திரும்ப வளராது. அதனால்தான் தடிப்பையும் வடிவத்தையும் முதலில் அளக்கிறார்கள். கோர்னியா மெலிந்து கூம்பிவரும் கெரட்டோகோனஸ் நோய் இருந்தால் லேசிக் பார்வையை மேலும் கெடுத்துவிடும். எந்நேரமும் கண்ணைக் கசக்கும் பழக்கமோ கண் உலர்வோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பவர் ஏறிக்கொண்டிருக்கும் கண்ணுக்கும் இது வேண்டாம். 18 வயது தாண்டி, குறைந்தது ஒரு வருடமாவது பவர் மாறாமல் நிற்க வேண்டும். "மாப்பிள்ள வீட்டார் வர முந்திச் செஞ்சிருவோம்" என்று பெண்பிள்ளைகளை அவசரப்படுத்தும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். கலியாணத் தேதிக்காகப் பவர் நின்றுவிடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பொறுத்திருப்பதே வழக்கம்.

பலரும் யோசிக்காத சங்கதி வெள்ளெழுத்து. நாற்பதை அண்டும்போது கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை இறுகி, கிட்ட உள்ளதைக் குவிக்கும் சக்தி குறைகிறது. லேசர் தொடுவது கோர்னியாவை மட்டும். எனக்கு வயது 42, இரு கண்ணும் மைனஸ் 3. கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்ரிமீற்றர் தூரத்தில் எழுத்து பளிச்சென்று தெரியும். முஸ்ஹபை அப்படித்தான் ஓதுகிறேன். லேசர் செய்தால் வாகனம் ஓட்டக் கண்ணாடி தேவைப்படாது, ஓதத் தேவைப்படும். இந்த மாற்றுக்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு கண்ணில் கொஞ்சம் குறும்பார்வையை மிச்சம் வைக்கும் வழியும் உண்டு. அது ஒத்துவருமா என்று முதலில் கொன்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம்.

கடலுக்குப் போகும் 27 வயதுத் தம்பி கேட்டால் என் பதில் வேறு. தூவானத்தில் கண்ணாடி அவருக்குப் பெரும் கரைச்சல். ஆனால் கண்ணில் அடிபடும் தொழிலென்றால் மடல் அசையலாம். மடல் வெட்டாத பீஆர்கே முறையை விசாரிப்பது நல்லது. ஆரம்பத்தில் நோவும் கூட, ஆற நாளும் கூட. ஆறும்வரை கடலும் கூடாது.

இரவில் வாகன வெளிச்சம் சிதறித் தெரிவது சிலருக்குக் கொஞ்சக் காலம் இருக்கும், சிலருக்கு நீடிக்கும். இரவோட்டம் ஓடுபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வுழூ. சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்குக் குழாய்த்தண்ணீர் கண்ணுக்குள் போகக்கூடாது. எத்தனை நாள் என்று வைத்தியரிடமும், அந்நாட்களில் முகம் கழுவுவதை எப்படிச் செய்வது, தயம்மும் எப்போது என்று மௌலவியிடமும் திகதி குறிக்க முந்தியே கேட்டுவையுங்கள்.