ஊர்ப் பூங்காவும் ஊராரும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி நடப்பவர்களுக்கு, வலக்கைப் பக்கத்தில் செந்நிற விக்டோரியா பொது மண்டபமும், அதையடுத்து வெண்ணிற ரிப்பன் மாளிகையும், அதற்குப் பின்புறம் நேரு விளையாட்டரங்கமும் அடுத்தடுத்துக் கண்ணில் படும். இந்தக் கட்டடங்களெல்லாம் எழும்பியிருக்கும் பூமி ஒரு காலத்தில் ஒரே பூங்காவின் பகுதியாக இருந்தது என்பதை இன்று அறிந்தவர்கள் சொற்பம். 1859-ஆம் வருஷம் சென்னைக்குக் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன், பக்கத்திலிருந்த நகரப் பகுதியின் நெருக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் காற்றும் நிழலும் கிடைக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு, ஏறத்தாழ 116 ஏக்கர் பரப்பில் ‘பீபிள்ஸ் பார்க்’ என்னும் பூங்காவை அமைக்க ஏற்பாடு செய்தார். குளங்களும், வண்டிப் பாதைகளும், பாண்டு வாத்தியம் இசைப்பதற்கான மேடையும் அதில் இருந்தன. பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து மிருகக்காட்சிசாலையும் அங்கே வந்து சேர்ந்தது. சென்னைவாசிகள் அதை ‘உயிர்க் காலேஜ்’ என்று அழைத்துக் குழந்தைகளோடு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அவ்வளவு பெரிய பூங்கா எப்படி மறைந்தது என்று கேட்டால், அதை யாரும் ஒரே நாளில் அபகரிக்கவில்லை என்பதே விடை. பொதுக் கூட்டங்களும் நாடகங்களும் நடப்பதற்கு ஒரு மண்டபம் வேண்டுமென்று ஒரு துண்டு போயிற்று, சுகாதாரமான அங்காடி வேண்டுமென்று 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டுக்காக ஒரு துண்டு போயிற்று, நகர பரிபாலனத்துக்குத் தகுந்த காரியாலயம் வேண்டுமென்று 1913-இல் ரிப்பன் மாளிகை எழுந்தது, விளையாட்டரங்கம் வந்தது, மிருகங்கள் 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு காரியமும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமானது, நகரத்துக்கு அவசியமானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதோ, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் ‘மை லேடீஸ் பூங்கா’ என்ற சிறு பகுதி மட்டும் அந்தப் பழைய பூங்காவின் மிச்சமாக நிற்கிறது. கட்டடம் இல்லாத நிலம் உபயோகம் இல்லாத நிலம் என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் ஒரு தடவை எண்ணத் தொடங்கிவிட்டால், நல்ல காரியங்களே ஒரு பூங்காவைத் தின்று தீர்த்துவிடும் என்பதுதான் இந்தச் சரித்திரம் நமக்குப் போதிக்கும் பாடம்.

இத்தகைய நஷ்டத்தைத் தடுப்பதற்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1959-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உள்ளாட்சி ஸ்தாபனங்கள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு வைக்கவேண்டும். பட்டியலில் ஏறிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. மனைப்பிரிவு போடுகிறவர்கள், நிலம் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டுமென்று விதி உண்டு. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தத்தோடு சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளில் பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த மனையைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தார் வழக்காடி, 1991-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வெற்றி பெற்றார்கள். மருத்துவமனையும் தேவைதான், ஆனாலும் பொதுமக்களுடைய பூங்காவைத் தனியாருக்குத் தத்தம் செய்ய அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் தீர்மானித்தது.

இந்த வழக்கில் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சட்டம் தானாக எழுந்து நடக்கவில்லை. அந்த இடம் தங்களுடையது என்று கருதிய மனிதர்கள் சிலர் இருந்தபடியால்தான் அது நடந்தது. ஆகவே, ஒரு நகரத்தின் பூங்காக்களை அபிவிருத்தி செய்யத் திட்டமிடுகிறவர்கள், மதிற்சுவரின் உயரத்தையும் கிரானைட் பலகைகளின் பளபளப்பையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அங்கே தினந்தோறும் வந்து உட்காரவும், ஓடவும், ஆடவும், பாடவும் உரிமை கொண்டாடும் ஜனங்களை எப்படிப் பெருக்குவது என்பதையே முதற்கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் நிரம்பிய பூங்காவைப் பறிப்பது எளிதன்று; வெறிச்சோடிய பூங்காவைக் காப்பதும் எளிதன்று.

ஜனங்கள் எங்கே வருகிறார்கள், எங்கே வருவதில்லை, ஏன் என்பதை ஊகத்தினால் அறிய முடியாது. பார்த்துத்தான் அறிய வேண்டும். நியூயார்க் நகரின் திறந்தவெளிகளில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வில்லியம் வைட் என்பவர் பல வருஷங்கள் படம் பிடித்தும் எண்ணிக் கணக்கிட்டும் ஆராய்ந்து, 1980-இல் ஒரு நூலாக வெளியிட்டார். உட்கார இடமிருந்தால் மனிதர்கள் உட்காருவார்கள் என்ற, கேட்பதற்கு மிகச் சாதாரணமான உண்மைதான் அவர் கண்டவற்றுள் தலையாயது. அந்நகரத்தின் பிரையன்ட் பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் இருப்பிடமாகி, நல்லவர்கள் நுழைய அஞ்சும் இடமாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாதபடி மறைத்த வேலிகளும் புதர்களுமே அந்த அச்சத்துக்குப் பெரிதும் காரணம் என்று வைட் எடுத்துச் சொன்னார். 1988-இல் மூடப்பட்டு 1992-இல் மீண்டும் திறந்தபோது, பார்வையை மறைத்தவை அகன்றிருந்தன. விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளத்தக்க நாற்காலிகள் வந்திருந்தன. காவலாளிகள் மட்டும் செய்திருக்க முடியாத காரியத்தை அந்த நாற்காலிகளும் அவற்றில் வந்து அமர்ந்த ஜனங்களும் செய்தார்கள்.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் கண்டறிந்த விஷயம் இன்னும் கருத்தூன்றத் தக்கது. 1990-களின் பிற்பகுதியில் அந்த நகராட்சியார் பூங்காக்களுக்கு வரும் சிறுவர்களைக் கவனித்தபோது, 9 வயதைக் கடந்ததும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைவதையும், பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறையாததையும் கண்டார்கள். விசாலமான ஒரே மைதானத்தைப் பலசாலிகள் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் போட்டியிட மனமின்றி விலகிப் போனார்கள் என்று தெரிந்தது. அதன்பேரில் 1999-இல் இரண்டு பூங்காக்களைத் திருத்தியமைத்தார்கள். மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளைக் கூட்டி, வாலிபாலுக்கும் பாட்மிண்டனுக்கும் தனி இடம் விட்டபோது, பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். யாரும் அவர்களை அதற்கு முன் தடுக்கவில்லை. இடத்தின் அமைப்பே தடுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு நம் ஊர்ப் பூங்காக்களைப் பார்த்தால், அதிகச் செலவில்லாமல் செய்யத்தக்க திருத்தங்கள் பல உடனே புலப்படும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கதவைப் பூட்டி மாலை நான்கு மணிக்குத் திறக்கும் வழக்கம் நெடுங்காலமாகப் பல பூங்காக்களில் இருந்து வந்திருக்கிறது. நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் நண்பகல் வெயிலில் நிழல் தேடும் தபால்காரருக்கும், உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வாலிபருக்கும், கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்தப் பூட்டு பெரிய குறை. சுத்தமான கழிப்பறை இல்லாத பூங்காவில் முதியவர்களும் பெண்களும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்கமாட்டார்கள். முதுகு சாயாத சிமெண்டுப் பலகையில் வயோதிகர் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவார். மோட்டார் சைக்கிள்கள் நுழையாமலிருக்க வாயிலில் வைக்கும் சுழல் கம்பி, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிடுகிறது. 2022-ஆம் வருஷம் நவம்பரில் மெரினாவின் மணற்பரப்பின் மேல் மரத்தாலான பாதை ஒன்று அமைந்தபோது, ஆயுளில் முதல் தடவையாகக் கடலலையின் பக்கத்தில் போய் நின்ற மாற்றுத்திறனாளிகள் பலர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு அது பழுது பார்க்கப்பட்டது. ஒரு பாதைதான்; ஆயினும், அந்தக் கடற்கரை அத்தனை நாளும் யாருக்கு எட்டாமல் இருந்தது என்பதை அது ஊருக்குத் தெரியப்படுத்தியது.

இடத்தைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. அங்கே நிகழ்ச்சிகளும் நடைபெற வேண்டும். இதுவும் நமக்குப் புதிய சங்கதி அன்று. சென்னை மாநகராட்சி 1930-ஆம் வருஷத்திலேயே சொந்தமாக ஒரு வானொலி நிலையம் நடத்தி, மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து, வீட்டில் ரேடியோ வாங்க வசதியில்லாத ஏழை ஜனங்களும் மாலை வேளையில் சங்கீதம் கேட்கும்படி செய்தது. 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை அந்தச் சேவை நடந்தது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் நடந்த பொதுக்கூட்டம் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டமாக அமைந்து, இந்த ராஜ்யத்தின் அரசியலையே மாற்றியது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒலிபெருக்கியே இல்லாமல் இளம் வித்வான்கள் பாட, நடந்து முடித்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்கும் கச்சேரிகளை அந்தப் பேட்டைவாசிகள் அறிவார்கள். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே ஒரு கம்பிகூட இல்லாத அந்தச் சபையில், குரலின் நயம் மட்டுமே கணக்கு.

விளையாட்டிலும் இப்படியே. வியாசர்பாடியில் கால்பந்தும், வண்ணாரப்பேட்டைப் பகுதியில் கேரமும் தழைத்திருப்பதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் காரணமல்ல. பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பொறுமையோடு சொல்லித் தரும் மனிதர்கள் இருப்பதே காரணம். புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றபோது, ஒரு பலகையும் ஒரு விளக்கும் ஓர் ஆசானும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது நிரூபணமாயிற்று. ஆகையால், பூங்கா அபிவிருத்திக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும், பந்துக்கும் வலைக்கும், கதை சொல்லுகிறவருக்கும், சிலம்பம் கற்பிக்கிறவருக்கும் எடுத்துவைப்பது வீண் செலவாகாது. செயற்கை நீரூற்று ஒன்றுக்குச் செலவாகும் பணத்தில் இத்தகைய காரியங்களை வருஷக்கணக்கில் நடத்தலாம்.

நிலத்தையும் நீரையும் பற்றி ஒரு வார்த்தை. 2015-இன் வெள்ளத்தையும் 2016-இன் வர்தா புயலையும் கண்ட நகரத்தில், பூங்காத் தரை முழுவதையும் கல் பாவி மூடுவது விவேகமாகாது. சிங்கப்பூரில் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாகக் கான்கிரீட் கால்வாயில் அடைந்து கிடந்த காலாங் நதியை, 2012-இல் பூங்காவுக்குள்ளேயே வளைந்து ஓடும்படி விடுவித்தார்கள். வறண்ட நாளில் குழந்தைகள் விளையாடும் புல்வெளி, மழை நாளில் வெள்ளம் பரவுவதற்கு இடமாகிறது. நம் பூங்காக்களிலும் தாழ்ந்த ஒரு மூலையை மழைநீர் தேங்கி இறங்குவதற்கென விட்டு, தண்ணீரை ஓயாமல் கேட்கும் அயல்நாட்டுப் புல்லுக்குப் பதிலாக வேம்பும் புங்கும் பூவரசும் இலுப்பையும் வளர்த்தால், நிழலும் மிஞ்சும், நிலத்தடி நீரும் உயரும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பராமரிப்பை மறந்தால் பயனில்லை. திறப்புவிழா அன்று பளபளத்த ஊஞ்சல், சங்கிலியில் ஒரு கொக்கி அறுந்து ஆறு மாதம் தொங்குவதை நாம் எத்தனை பூங்காக்களில் பார்க்கிறோம்! பூங்காவைக் கட்டுகிற செலவு ஒரு தடவைதான். அதைப் போஷிக்கிற செலவு என்றென்றைக்கும் உண்டு. தோட்டக்காரருக்கு ஒழுங்கான சம்பளமும், பழுது பார்க்கக் கைவசம் ஒரு சிறு நிதியும், புகார் சொன்னால் இத்தனை நாளில் சரிசெய்யப்படும் என்ற வாக்குறுதியும் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட வேண்டியவை.

திட்டம் தீட்டுவது பொறியாளர்களுடைய வேலை என்று வாசகர்கள் ஒதுங்கியிருக்கக்கூடாது. உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் கூடும்போது போய் உட்காருங்கள். கவுன்சிலரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் பூங்கா 1959-ஆம் வருஷத்துச் சட்டப்படியான பட்டியலில் ஏறியிருக்கிறதா? நண்பகலில் அதன் கதவு திறந்திருக்குமா? இந்த வருஷம் அதன் பராமரிப்புக்கும் பயிற்சியாளருக்கும் எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? விடை திருப்தியாக இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போய் மறுபடியும் கேளுங்கள். பொதுச் சொத்துக்கு உரிமையாளர்கள் பொதுமக்களே. கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.